செல்வியின் கால்

செவ்வாய்க்கிழமை, பௌர்ணமி



எங்க லாட்ஜுல வாஷிங் மெஷின் தரைக்குக் கீழ இருக்கிற ரூம்ல இருக்கு. தெரு சாக்கடை அதைவிட மேல. மெஷின் விடற தண்ணி ஒரு தொட்டியில விழும்; அங்கேருந்து மோட்டார்தான் மேல தள்ளணும். பௌர்ணமின்னா கூட்டம் ஜாஸ்தி, சாக்கடை நிரம்பி, தள்ளுன தண்ணி திரும்பி வந்துடும். தெரிஞ்சும் பெட்ஷீட்டைப் போடச் சொன்னேன். சாயந்திரம் எல்லா ரூமுக்கும் ஆளு வர்றாங்களே.

துணி துவைக்கிற செல்வி கிரிவலம் முடிச்சிட்டு நேரா வெறுங்காலோட வந்தா. கீழ இறங்கினவ, "அக்கா, கணுக்கால் தண்ணி நிக்குது"ன்னா. அப்புறம் சிரிச்சா. "காலெல்லாம் விறுவிறுங்குது. மலை சுத்தின காலு, மரத்துப்போச்சு போல."

மலை சுத்துனதால இல்ல. மோட்டார் வயர் அந்தத் தண்ணிக்குள்ள கிடந்துச்சு. "மேல ஏறுடி"ன்னு கத்திட்டு ஓடிப்போய் மெயினை அணைச்சேன்.

கரண்ட் கசிஞ்சா தானா அணையற ஸ்விட்ச் ஒண்ணு இருந்துச்சு. அடிக்கடி அணையுது, வேலை கெடுதுன்னு நான்தான் போன மாசம் அதைக் கழட்டச் சொன்னேன். அது சும்மா அணையல.

செல்விக்கு எதுவும் தெரியாது. தண்ணியைப் பார்த்துத்தான் கத்தினேன்னு நினைச்சுக்கிட்டா. கால் வலிக்கு தைலம் கேட்டா, குடுத்தேன். "காலைல சீக்கிரமே வந்து மீதி ஷீட்டைப் போட்டுடறேங்க்கா"ன்னுட்டுப் போனா.

ரூமுக்கு ஆளு வந்ததும் மெயினைத் திரும்பப் போட்டாச்சு. கீழ் ரூமைப் பூட்டி சாவியைத் தலகாணிக்கடியில வெச்சிருக்கேன். அவகிட்டயும் ஒரு சாவி இருக்கு.

இப்பவே போன் பண்ணி வராதேன்னு சொல்லிடலாம். ஏன்னு கேப்பாளே.