கட்டி சுருங்கிய பிறகு

2009 ஜனவரி 11
அல்ஹம்துலில்லாஹ். றஸாக்கின் கழுத்தில் முட்டையளவு நின்ற கட்டி, இப்போது தடவினால்தான் தெரிகிறது. மருந்து ஏற்றியது இரண்டு தரம்தான்.

என்னைப் போல உயிரியல் ரீச்சரைக் கட்டினால் சோற்றோடு பாடமும் விழுங்க வேண்டும். ஒவ்வொரு கலத்துக்குள்ளும் ஜீன் என்கிற பரம்பரையலகு ஒன்று காவல் நிற்கிறது, மருந்து கலத்தைக் காயப்படுத்த அது விழிக்கும், திருத்த முடியாத கலத்தைச் சாகச் சொல்லும் என்றேன். வாய்ப் புண்ணோடு றஸாக் சிரித்தார். "அப்ப எனக்குள்ளயும் ஒரு செக்பொயின்ற் கிடக்கு."

ஜனவரி 29
மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் செக்பொயின்றில் ஆமிக்காரர்கள் பஸ்ஸை மறித்து இறக்கினார்கள். வாந்தி எடுத்துக்கொண்டே அடையாள அட்டையை நீட்டினார். சுனாமி கொண்டுபோன கடையைத் தனியாளாக நின்று கட்டிய மனிதர்.

மார்ச் 8
கட்டி திரும்ப வந்துவிட்டது. அதே இடத்தில். கல்லுப் போல.

மார்ச் 17
அவர் எக்ஸ்ரே அறையில் இருந்தபோது டொக்டர் என்னிடம் சொன்னார். திரும்ப வந்த கட்டியில் துண்டெடுத்துப் பார்த்ததில் காவல் பரம்பரையலகே பழுதாம். காவல் சரியாக இருந்த கலங்கள் மருந்துக்குச் செத்தன. பழுதானவை காயத்தைச் சட்டைசெய்யாமல் பிழைத்து, காலியான இடத்தில் பெருகிவிட்டன. வேறு மருந்து ஏற்றலாம், பெரிதாக எதிர்பார்க்க வேண்டாமாம்.

சுருங்கியதைக் கண்டு துள்ளினேனே, மடைச்சி.

புது மருந்து காவலை எழுப்பிவிடும் என்று அவரிடம் சொன்னேன். பொய். உண்மையைச் சொன்னால் அந்த முகம் என்னவாகும்?

ஏப்ரல் 5
மருந்து.

ஏப்ரல் 26
மருந்து. தண்ணீரும் இறங்கவில்லை. நிறுத்துவோம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஏன் என்று கேட்டால்?

மே 19
யுத்தம் முடிந்துவிட்டதாம். பஸாரில் பட்டாசுச் சத்தம்.

"இனி ரோட்டுல இறக்க மாட்டானுகள். நமக்குப் போகத் தேவையில்லாத நேரத்தில" என்றார் றஸாக்.

"ஏன் தேவையில்ல? அடுத்த கிழமை மருந்து கிடக்கே."

"வேணாம் புள்ள. மார்ச்சிலயே டொக்டர் எனக்கிட்டயும் சொல்லிட்டார்."

"மறுகா ஏன் ரெண்டு தரம் ஏத்தினீங்க?"

"நீ நம்பிக்கையோட சோறு தீத்தினாய். வேணாமெண்டு சொல்ல ஏலாமப் போச்சு."

எனக்காகவா? யா அல்லாஹ், அந்த வாந்தியெல்லாம் எனக்காகவா? அவருக்காக என்றுதானே நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

மே 27
மருந்து இல்லை. அவர் கொஞ்சம் கஞ்சி குடித்தார். கடையை என்ன செய்வது, விடுதியில் நின்று படிக்கும் மகளுக்கு எப்படிச் சொல்வது என்று கதைத்தோம். இரண்டு பேரும் அழுதோம். இவ்வளவு காலமும் ஒரே வீட்டில் ஆளுக்கொரு மூலையில் இருந்திருக்கிறோம்.

ஜூலை 12
ஜூன் தொடக்கத்தில் அவர் போனதிலிருந்து வெள்ளை உடுத்தி, விதவைக்குரிய இத்தா இருக்கிறேன். எங்கள் பாடசாலை மைமூனா ரீச்சர் பார்க்க வந்தாள். அவளுடைய கணவருக்கும் இப்போது வாயில் கட்டி.

"நீங்க படிச்ச ஆள். மருந்துக்குக் கரையும் எண்டு ஒரு வார்த்தை எழுதித் தாங்க. காட்டினா ஆள் தைரியமா இருப்பார்."

"எழுத மாட்டன். தன்ட நோயப் பத்தி அவருக்கு என்ன தெரியும் எண்டு அவரிட்டயே போய்க் கேளுங்க."

அவளுக்கு முகம் கறுத்துப்போனது. தேத்தண்ணியைத் தொடாமலே எழும்பினாள். வாசலில் செருப்பைப் போட்டவள் திரும்பி, "கேட்டா அழுவாரே" என்றாள்.

அழட்டும், நீங்களும் சேர்ந்து அழுங்க என்றேன். எங்களுக்கு அதற்கு இரண்டு கிழமைதான் கிடைத்தது.