மேடைக்கு மேலே வந்த எழுத்து

சென்ற வாரம் பல் மருத்துவர் என் ஈறில் கிராம்புத் தைலம் தடவினார். உடனே உங்கள் நினைவு வந்தது. வாயைத் திறந்து வைத்திருந்ததால் அதை அவரிடம் சொல்ல முடியவில்லை. அவரும் முகமூடிக்குள்ளிருந்து பேஸ்பாலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

அடுத்தவர் காதில் பேசப்போகிறவன் முதலில் வாயைக் கவனிக்க வேண்டும் என்பது உங்கள் கொள்கை. ஆபரா என்னும் இசைநாடகம் தொடங்கும் முன் இரண்டு கிராம்பை வாயில் ஒதுக்கிக்கொள்வீர்கள். எனக்கும் என் மனைவி வசந்தாவுக்கும் நடுவில் உட்கார்ந்து, இத்தாலியர்கள் மூன்று மணி நேரம் பாடியதைத் தூத்துக்குடித் தமிழில் எங்கள் காதில் சொல்வீர்கள். முன் வரிசை அம்மாள் திரும்பி முறைப்பார். நீங்கள் மரியாதையாகத் தலையசைத்துவிட்டு அடுத்த காட்சிக்குப் போவீர்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஹூஸ்டனில் தமிழர்கள் ஒருவரை ஒருவர் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. நீங்கள் ஹில்கிராஃப்ட் தெரு மளிகைக் கடையில் துவரம்பருப்பு மூட்டைக்குப் பின்னால் கிடைத்தீர்கள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை என்றீர்கள். ஊரில் மாதா கோயிலில் ஆர்கன் வாசித்தவர், கல்யாணம் ஆகாதவர், ஆபரா பைத்தியம் என்பதெல்லாம் அந்த மூட்டை நகர்வதற்குள் தெரிந்துவிட்டது. கோயிலில் கற்ற லத்தீனை வைத்து இத்தாலிய மொழியை ஊகிப்பதாகவும் சொன்னீர்கள். உங்கள் ஊகம் தாராளமானது. நீங்கள் சொன்ன கதைகளில் கோமகன்களுக்குச் சித்தப்பா மகன்கள் இருந்தார்கள். பாதிச் சண்டை தோப்பு எல்லையில் நடந்தது. நாங்கள் நம்பினோம். மேடையில் அவர்கள் கையை வீசிய விதமும் அதற்குப் பொருந்தித்தான் இருந்தது.

பிறகு வசந்தாவுக்கு இருமல் வந்தது. மூன்று மாதமாக நிற்கவில்லை. உங்கள் ஆஸ்பத்திரியில்தான் படம் எடுத்தார்கள். எடுத்தவர் நீங்கள். வலது நுரையீரலில் ஒரு நிழல், அந்தப் பகுதியை அறுத்து எடுத்துவிட வேண்டும், தாமதிக்கக் கூடாது என்றார் டாக்டர். வசந்தா மறுத்துவிட்டாள். பொங்கல் கழித்து ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம், சித்த மருந்து இருக்கிறது, இந்த ஊர் டாக்டர்களுக்குக் கத்தி பிடிக்காவிட்டால் கை அரிக்கும் என்றாள். நான் கெஞ்சினேன், ஒரு நாள் கத்தினேன். இரண்டும் பலிக்கவில்லை. உங்களிடம் வந்து, படத்தில் என்னதான் தெரிந்தது என்று கேட்டேன். படம் எடுப்பவர் படத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்பது ஆஸ்பத்திரி விதி. பேசவில்லை நீங்கள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஆபராவுக்கு மூன்று டிக்கெட் எடுத்து வந்தீர்கள், அவளுக்கு மனது மாறட்டும் என்று.

எந்த ஆபரா என்று மட்டும் நீங்கள் யோசிக்கவில்லை. முதல் அங்கத்திலேயே கதாநாயகி இருமினாள்.

நீங்கள் யோசிக்காதது இன்னொன்றும் இருந்தது. ஆபரா பிறந்து ஏறக்குறைய நானூறு ஆண்டுகள். அவ்வளவு காலமும் மொழி தெரியாத ரசிகர்கள் தெரிந்தவர்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் அதில் குறை இருந்ததாகத் தெரியவில்லை. அந்தச் சில ஆண்டுகளில்தான் மேடைக்கு மேலே ஒரு பட்டையைக் கட்டி, பாடுவதை ஆங்கிலத்தில் ஓடவிடும் வழக்கம் வந்தது. கலை செத்துவிட்டது என்று பத்திரிகைகளுக்குக் கடிதம் போட்டவர்கள் உண்டு. நாங்கள் அதைப் பார்த்தது அன்றுதான் முதல் முறை. திரை விலகியது, எழுத்து ஒளிர்ந்தது, உங்கள் வாயில் கிராம்பு அசைவதை நிறுத்தியது.

ஆனாலும் நீங்கள் வேலையை விடவில்லை. மேலே "என் நெஞ்சு எரிகிறது" என்று ஆங்கிலத்தில் வந்தபோது, அவளுக்குத் தூசு ஒத்துக்கொள்ளவில்லை என்றீர்கள். "இனி நாட்கள் அதிகமில்லை" என்று வந்தபோது, கடற்கரைப் பக்கம் வீடு பார்க்கிறார்கள் என்றீர்கள். நான் மேலே படித்தேன், காதில் உங்களைக் கேட்டேன், வசந்தாவின் பக்கம் திரும்பப் பயந்தேன்.

கடைசி அங்கத்தில் அந்தப் பெண் காதலனின் கையில் சாய்ந்தாள். அவள் இறந்துவிட்டாள் என்று மேலே மூன்றே சொல்லில் எழுதிவிட்டார்கள்.

நீங்கள் வசந்தாவின் பக்கம் குனிந்தீர்கள். "மேல போட்டிருக்கது தப்பு, தங்கச்சி. எழுதுன பயலுக்கு பாஷை தெரியல. அவ தூங்குதா. மருந்து குடிச்சிருக்கால்லா, அசதி."

வசந்தா மேலே பார்க்கவில்லை, உங்களையும் பார்க்கவில்லை. "சரிண்ணே" என்றாள். "எப்ப எந்திரிப்பா?"

"காலையில. எந்திரிச்சதும் ரசம் கேப்பா பாருங்க."

அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது. நீங்கள் மட்டும் உட்கார்ந்து, கைக்குட்டையால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள்.

உங்களை உங்கள் அபார்ட்மெண்டில் இறக்கிவிட்டு ஃப்ரீவேயில் ஏறினோம். இரண்டு எக்ஸிட் தாண்டியதும் வசந்தா, நாளைக்கே டாக்டரிடம் ஆபரேஷனுக்கு நாள் கேட்கச் சொன்னாள். நான் காரைக் கிட்டத்தட்டப் பக்கத்து லாரியில் விட்டிருப்பேன்.

"அந்த அண்ணன் என் படத்தைப் பாத்தவரு. அவ்வளவு பெரிய எழுத்த வெச்சிக்கிட்டே இப்படிப் பொய் சொல்றாருன்னா, அவருக்கு எவ்வளவு பயமா இருக்கணும்? நீங்க கத்தினப்ப எனக்குக் கோவம்தாங்க வந்துச்சு. இப்பதான் பயம் வந்துச்சு."

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தவள் ரசம் கேட்கவில்லை. வாந்தி எடுத்தாள். நீங்கள் ஒரு தூக்கு நிறைய ரசத்தோடு வராந்தாவில் நின்றுகொண்டிருந்தீர்கள். நர்ஸ் உள்ளே விடவில்லை. அதை நானும் நீங்களும் பேப்பர் கோப்பையில் ஊற்றிக் குடித்தோம். உப்புப் போட மறந்திருந்தீர்கள். அன்றைக்கு அதை உங்களிடம் சொல்லத் தோன்றவில்லை.

அதற்குப் பின் நீங்கள் எங்கள் காதில் கதை சொல்வதை நிறுத்திவிட்டீர்கள். எழுத்து வந்துவிட்டது, இனி நான் எதற்கு என்பீர்கள். வசந்தாவுக்கு அது இன்றுவரை குறைதான். மேலே ஓடும் கதையில் சித்தப்பா மகன்களே இல்லை என்பாள். இப்போது அவளுக்கு எழுபத்தொன்று. ஒன்றரை நுரையீரலோடு என்னைத் தினமும் திட்டுகிறாள்; மூச்சு வாங்குவதில்லை.

போன வருடம் நீங்கள் படுத்தபோது உங்கள் காது இரண்டும் அடைத்துப் போயிருந்தன. டாக்டர் கட்டில் அருகே நின்று சொன்னதை நான் குனிந்து உங்கள் காதில் சொல்ல வேண்டியிருந்தது. சில வாரங்கள் தாங்கினால் பெரிது என்றார் அவர். நான் வாழ்நாள் முழுக்கக் குழாய்களின் அழுத்தத்தைக் கணக்கிட்ட எஞ்சினியர். எதையும் கூட்டியும் குறைத்தும் சொல்லிப் பழக்கமில்லை. குனிந்தேன்.

"மருந்து நல்லா கேக்குதாம். அடுத்த மாசம் வீட்டுக்குப் போலாமாம்."

நீங்கள் டாக்டரின் முகத்தைப் பார்த்தீர்கள். என் முகத்தையும் பார்த்தீர்கள். எத்தனை ஆயிரம் படம் பார்த்த கண்.

"மொழிபெயர்ப்பு நல்லாருக்கு, அண்ணாச்சி" என்றீர்கள்.

பத்து நாளில் போய்விட்டீர்கள். நான் எவ்வளவு பயந்திருந்தேன் என்பதை அன்று நீங்கள் படித்துவிட்டீர்கள். படித்தும் என்னைத் திருத்தவில்லை. அதைத்தான் நான் உங்கள் நினைவாக வைத்திருக்கிறேன்.