மாமாவின் சீர்திருத்தம் நிறைவேறிய காலை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தை எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். என் மகள் இரண்டு வேளை சாப்பிடுகிறாள், மூன்றாவது வேளை உம்மென்று உட்கார்ந்திருக்கிறாள். அங்கே குளிர் அதிகமாமே, காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள்.

எழுத்துச் சீர்திருத்தச் சங்கக் கூட்டத்தில் நீங்களும் உங்கள் மாமாவும் முட்டிக்கொண்டதிலிருந்து அவர் உங்கள் இரண்டு பேர் கல்யாணப் பேச்சையே எடுப்பதில்லை. கு, மு, து என்று உகரம் எழுத்துக்கு எழுத்து வேஷம் மாற்றுகிறது, பிள்ளைகள் திணறுகிறார்கள், எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஒரே குறி போதும் என்பது அவர் கட்சி. அதில் உங்களுக்கும் சம்மதம்தான். ஆனால் அதற்கெல்லாம் கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் இருக்கிற குறியீட்டு எண்ணையே புதிதாக்க வேண்டும் என்று அவர் கேட்டதும், வேண்டவே வேண்டாம், அப்புறம் புதிய எழுத்தில் தேடினால் பழைய புத்தகம் அகப்படாது, எண் அப்படியே இருக்கட்டும், திரையில் எழுத்தை வரைந்து காட்டுகிற எழுத்துருவை மாற்றினாலே போதும் என்று மேடையிலேயே போட்டு உடைத்துவிட்டீர்கள். "எனக்கே பாடம் எடுக்கிறவனுக்குப் பொண்ணு கிடையாது" என்று வீட்டுக்கு வந்து குதித்தார்.

நீங்கள் மகளுக்கு அனுப்பிய எழுத்துருவைச் சத்தம் காட்டாமல் அவர் கணினியில் ஏற்றிவிட்டேன். காலையில் தன் கட்டுரையைத் திறந்தவர், உகரமெல்லாம் தனியாக நிற்பதைப் பார்த்து, அரசு உத்தரவே வந்துவிட்டதென்று நினைத்துக்கொண்டார். சங்கப் பொருளாளருக்குப் போன் போட்டு, "வந்துடுச்சுய்யா, ஜெயிச்சுட்டோம்!" என்று ஒரே கூச்சல். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

விஷயத்தைச் சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது. பாவமாகப் போயிற்று எனக்கு. "ஒரு எழுத்தைக்கூட மறுபடி அடிக்கலையா?" என்று இரண்டு தரம் கேட்டார். பழைய வடிவத்துக்கு மாற்றிக் காட்டினேன், திரும்பப் புதியதற்கு. பிறகு என் கையைத் தள்ளிவிட்டு மத்தியானம் வரை அவரே மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடும்போது, "பய விஷயம் தெரிஞ்சவன்தான், வாய்தான் கொஞ்சம் நீளம்" என்றார். அந்த மனிதர் வாயிலிருந்து இதற்குமேல் ஒரு பாராட்டை நான் கேட்டதே இல்லை.

ஆனால் அவராகக் கூப்பிட மாட்டார், வீம்பு. அப்பா சொல்லட்டும் என்கிறாள் மகள். உங்களுக்கும் ரோஷம் இருக்கும். மூன்று பேரும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டால் நான் ஒருத்தி என்னதான் செய்வேன், சொல்லுங்கள்.

லீவு போட்டுவிட்டு வாருங்கள். நேற்றுப் பேச்சுவாக்கில், கல்யாணப் பத்திரிகையைப் புது வடிவத்தில்தான் அடிக்கணும் என்றார். யார் கல்யாணம் என்று கேட்டேன். எழுந்து போய்விட்டார். சொந்தக்காரர்களுக்கு அதைப் படிக்க வராதே என்று அவரோடு சண்டை போட இந்த வீட்டுக்கு ஒரு மாப்பிள்ளை வேண்டும்.

நீங்களும் மாமாவும் நூறு வயசு வரை வாதாடிக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

அத்தை