உலக அதிசயங்களுக்குப் பக்கத்தில் குனிந்து நிற்கும் அம்மாவுக்கு

என் பாக்கியம் அம்மா,

கோபமாக இருக்கிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நலம் விசாரித்து ஆரம்பிக்கிற பொறுமை இன்றைக்கு எனக்கு இல்லை. நீ செத்து இரண்டு பங்குனி போய்விட்டது. நேற்று உன்னைத் தஞ்சாவூரில் ஒரு ஹோட்டலில் பார்த்தேன்.

எங்கள் பள்ளிக்கூடத்து அறிவியல் டீச்சர் மகளுக்கு அங்கே கல்யாண வரவேற்பு. ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டிய பெரிய ஹோட்டல். உள்ளே நுழைந்ததும் நீளமாக ஒரு சுவர், அதில் ஆளுயரத்துக்குப் படங்கள். மேலே தங்க எழுத்தில், ‘வாழ்நாளில் ஒருமுறையாவது பார்க்க வேண்டிய இடங்கள்.’ ஈபிள் கோபுரம், பிரமிடு, சீனப் பெருஞ்சுவர், தாஜ்மகால். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் வருடா வருடம் காட்டுகிற படங்கள்தான், அதனால் நிதானமாகப் பார்த்துக்கொண்டே போனேன். கடைசியில் நம் ஊர் வயல்.

நாலு பெண்கள் சேற்றில் குனிந்து நாற்று நடுகிறார்கள். ஒருத்திக்கும் முகம் தெரியவில்லை, முதுகுதான். மூன்று பேர் வலது கையால் ஊன்றுகிறார்கள். ஓரத்தில் இருப்பவள் மட்டும் இடது கையால். சேலைக்கு மேலே அப்பாவின் நீல முழுக்கைச் சட்டை, தோளில் நீயே போட்ட ஒட்டு. நம் ஊரில் இடது கையால் நடுகிறவள் நீ ஒருத்திதானே? முழங்கை இடிக்கிறது என்று உன்னை எப்போதும் ஓரத்தில்தானே விடுவார்கள்?

அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். நீ வந்ததும் வராததுமாகத் தரையில் சாய்ந்து சிரித்தாய்.

“கேமராக்காரன் ஒருத்தன் வந்தாண்டி. நிமிராதீங்க, நிமிராதீங்கன்னே சொல்லிக்கிட்டிருந்தான். மேகம் விலகுற வரைக்கும் அப்படியே குனிஞ்சு நிக்க வச்சுட்டான்.”

“நீ நிமிர வேண்டியதுதானேம்மா?”

“மிராசு வரப்புல நின்னுக்கிட்டு, சார் சொல்ற மாதிரியே இருங்கங்கிறாரு. என்னைய என்ன பண்ணச் சொல்ற? மொகத்தக் காட்டட்டுமா சார்னு கேட்டேன். வேணாம்னுட்டான்.”

நீ சிரித்தாய். நானும் சிரித்துக்கொண்டே உன் இடுப்புக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன். எதற்கம்மா சிரித்தோம்? கடைசி வருடம் நிமிரவே முடியாமல் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாயே, அப்போதும் சிரிப்பு. உன்மேலும் எனக்குக் கோபம்தான், போ.

நான் திகைத்து நிற்கும்போதே மாப்பிள்ளை வீட்டுப் பையன்கள் நாலைந்து பேர் வந்தார்கள். ஒருவன் உன் முன்னால் பின்புறத்தைத் தூக்கிக் குனிந்து நாற்று நடுகிற மாதிரி செய்தான். மற்றவர்கள் செல்போனில் எடுத்தார்கள். எனக்கு உச்சிக்கு ஏறிவிட்டது. “எந்திரிடா!” என்று நான் போட்ட சத்தத்தில் நாதஸ்வரக்காரர் ஒரு நொடி நிறுத்திவிட்டார்.

நேராக மேனேஜரிடம் போனேன்.

“சார், அது எங்க அம்மா.”

“அப்படியா மேடம்? சூப்பர். ஆனா முகமே தெரியலையே.”

“கையப் பாருங்க. இடது கை.”

“படத்தத் திருப்பிப் போட்டிருப்பாங்க மேடம்.”

“திருப்பிப் போட்டா நாலு பேருக்குமுல்ல மாறணும்? ஒருத்திக்கு மட்டும் எப்படி சார் மாறும்?”

அவர் புகார் நோட்டைத் தள்ளி, எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். எழுதினேன். எழுதுகிற என் கையைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. அதோடு விட்டிருக்கலாம்.

“உங்களுக்குப் பெருமைதானே மேடம்? ஈபிள் டவர் வரிசைல அம்மா இருக்காங்க.”

எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றின மாதிரி ஆகிவிட்டது எனக்கு. “எல்லாத்துக்கும் கீழ பேரு போட்டிருக்கீங்க. எங்க அம்மாவுக்குக் கீழ ‘நெல் வயல், தஞ்சாவூர்’னு இருக்கு. எங்க அம்மா பேரு வயலா சார்? ஒண்ணு நாலு பேரு பேரையும் போடுங்க, இல்லாட்டி படத்தக் கழட்டுங்க.”

“ஓனரக் கேக்கணும். மத்த மூணு பேரு யாருன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?”

“ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வரேன்.”

சாப்பிடாமலே வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது நீ முன்பு கேட்டது ஞாபகம் வந்தது. என் பாடப் புத்தகத்தில் ஈபிள் கோபுரத்தைப் பார்த்துவிட்டு, “இத யாருடி கட்டுனா?” என்றாய். புத்தகத்தில் இருந்த பேரைச் சொன்னேன். “ஒத்த ஆளாவா கட்டுனாரு?” என்றாய். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன், வேறு பேர் எதுவும் அதில் இல்லை.

இன்று காலை, நடவில் உன் ஜோடி அஞ்சலை அத்தை வீட்டுக்குப் போய், செல்போனில் எடுத்து வந்த அந்தப் படத்தைக் காட்டினேன். அத்தை கண்ணைச் சுருக்கிப் பார்த்தது. “ஒங்கம்மாவுக்குப் பக்கத்துல நாந்தாண்டி. பாவி மவன், அன்னிக்கு இடுப்பே போச்சு.” அந்தப் பக்கம் இருப்பது வள்ளி சித்தியாம். நாலாவது குஞ்சம்மா, அவள் உனக்கு முன்பே போய்விட்டாள். பேரை எழுதிக்கொண்டேன்.

“ஓட்டலுக்கு வரியா அத்த?”

“முன் வாசல் வழியா விடுவானுவளாடி?”

“முன் வாசல் வழியாத்தான் போறோம்.”

ஞாயிற்றுக்கிழமை போகிறோம் அம்மா. பெயர் போட்டிருந்தாலும் சரி, போடாவிட்டாலும் சரி, அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி, வாசலைப் பார்த்து நிற்கப்போகிறோம். எங்களை அந்த மேனேஜரையே படம் பிடிக்கச் சொல்வேன். குனிந்தபடி ஒரு படம் வேண்டும் என்று எவனாவது வாயைத் திறக்கட்டும், பார்த்துக்கொள்கிறேன். அத்தைக்கு இடுப்பு வலி, சித்திக்கு முழங்கால் வலி, இருந்தாலும் நிமிர்ந்துதான் நிற்பார்கள். ஓரத்தில், உன் இடத்தில், நான் நிற்பேன்.

இடது கையால் எழுதும் உன் மகள்,
செல்வி