தோசைக்கல்லில் பீட்சா

வெள்ளிக்கிழமை, இரவு.

பால் உனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்திவிடு என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து நைனா என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அவர் வளர்க்கும் பசு லட்சுமியையே நான் குறை சொல்லிவிட்டதாக நினைப்பு.

இன்று செஞ்சி சூப்பர் மார்க்கெட்டில் பால், முட்டை எதுவும் சேராத பீட்சா கிடைத்தது. ஐஸ்கட்டி மாதிரி இருந்தது. நம் வீட்டில் ஓவன் ஏது? தோசைக்கல்லில் வைத்து மூடிவிட்டு, வெங்காயம் நறுக்கத் திரும்பினேன்.

"இன்னாம்மா, அடி தீயுது பாரு!" என்று ஓடிவந்த நைனா, தோசையைப் போலவே அதைத் திருப்பிப் போட்டுவிட்டார். மேலே இருந்த தக்காளி, குடைமிளகாய், பாலில்லாத சீஸ் எல்லாம் கல்லில் அப்பிக்கொண்டன.

அவர் முழித்த முழியைப் பார்த்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவரும் சிரித்துவிட்டார். சுரண்டி எடுத்து, இட்லிப் பொடி தூவி, ஒரே தட்டில் சாப்பிட்டோம். அப்படி ஒரு ருசி! கடைசித் துண்டை அவரே எடுத்துக்கொண்டார்.

"பால் இல்லாமலே நல்லாத்தான் இருக்குது" என்றார். பிறகு மாட்டுக் கொட்டகைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"லட்சுமி காதுல போட்டுடாத."