ஈரல் கொழுப்பும் நகராத சைக்கிளும்

மார்ச் 4, திங்கள்

சைக்கிள் தயார். சைக்கிள் என்றால் ஊர் சுற்றுகிற சைக்கிள் இல்லை. என் வீட்டுக்காரருடைய பழைய சைக்கிளின் பின்சக்கரத்தை ஓர் இரும்புத் தாங்கியில் பூட்டி, டயரை ஓர் உருளையோடு அழுத்தி ஹாலில் நிறுத்தியாயிற்று. மிதிக்கலாம், போக முடியாது. உருளைக்கு ஒரு திருகு உண்டு. இறுக்க இறுக்க மேட்டில் ஏறுவது போல் கனக்கும். ரோட்டிலேயே ஓட்டினால் என்ன என்று கேட்டேன். "விழுந்து கைய ஒடச்சுக்கிட்டா ஆபரேஷன் நடக்குமா?" என்றார் இவர். நியாயம்தான். நியாயமாகப் பேசினால்தான் எனக்கு எரிச்சல் வருகிறது.

தம்பிக்கு என் ஈரலில் ஒரு பாதியைக் கொடுக்க வேண்டும். ஒரு சொட்டுகூடக் குடிக்காதவன். அவன் உடம்பே அவன் ஈரலைத் தின்கிற நோயாம். வீட்டில் பொருந்தியது நான் ஒருத்திதான். பொருந்தி என்ன பிரயோசனம்? என் ஈரலில் கொழுப்பு. அது கரைந்தால்தான் எடுப்பார்களாம். மே மாதம் வரை பார்க்கலாம் என்றார் டாக்டர். அதற்கு மேல் தம்பி தாங்க மாட்டான் என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மார்ச் 6, புதன்

நாக்குத் தள்ளிவிட்டது.

இதில் வர்ணனை வேறு. தம்பி உள்ளூர்ப் பந்தயங்களுக்கு மைக் பிடிப்பவன். சின்ன வயதிலிருந்தே ரேடியோ என்றுதான் கூப்பிடுவோம். ஆஸ்பத்திரி பக்கம் என்பதால் இப்போது எங்கள் ஹால் சோபாவில்தான் வாசம். கண் மஞ்சள், வயிற்றில் நீர், கால் குச்சி. வாய் மட்டும் இளைக்கவில்லை.

"இதோ, மூக்குக்கண்ணாடிக் கடை வீராங்கனை முன்னிலையில்! பின்னால்... பின்னால் யாருமே இல்லை, நேயர்களே!"

துண்டைத் தூக்கி அவன் மேல் எறிந்தேன். "வாய மூடுடா. யாருக்காக நாயா உழைக்கிறேன்னு தெரியுதா?"

"தெரிகிறது நேயர்களே, நன்றாகவே தெரிகிறது."

மார்ச் 11, திங்கள்

நாள் முழுக்கக் கடையில் நின்று ஊரார் கண்ணுக்கெல்லாம் பவர் பார்த்துவிட்டு வந்து இதில் ஏற வேண்டும். கடையில் யாருக்கோ பிறந்தநாள். கேக்கைத் தொடவில்லை. வீட்டுக்கு வந்தால் ரேடியோ எனக்காக இவரிடம் சொல்லி பிஸ்கட் வாங்கி வைத்திருக்கிறான். "ஒண்ணே ஒண்ணுக்கா. உன்னைப் பாக்கவே பாவமா இருக்கு." இவனுக்கு மூளை என்று ஒன்று இருக்கிறதா? வாங்கிக் கொடுத்தவருக்கு?

மார்ச் 20, புதன்

அந்த சைக்கிள் சீட் செய்த வேலையை எழுதவே கூச்சமாக இருக்கிறது. எங்கேயும் உட்கார முடியவில்லை. கடையிலும் நிற்கிறேன், வீட்டிலும் நிற்கிறேன். "போகப் போகப் பழகிடும்" என்கிறார் இவர். சாய்ந்து உட்கார்ந்துகொண்டு சொல்கிறார்.

மார்ச் 29, வெள்ளி

அதிசயம். கால் லேசாகிவிட்டது! போன வாரம் வரை உயிர் போயிற்று. இந்த வாரம் பெடல் தானாகச் சுற்றுகிறது. கைப்பிடியில் இருக்கிற மீட்டர் விறுவிறுவென்று ஏறுகிறது. வியர்வைகூட அவ்வளவாக இல்லை. ரேடியோவும் இப்போதெல்லாம் கிண்டல் செய்வதில்லை. நான் மிதிப்பதையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

ஏப்ரல் 8, திங்கள்

இடையில் ஒரு ஸ்கேன். எடை பேருக்குக் குறைந்திருக்கிறது. கொழுப்பு அப்படியே. "தினமும் செய்றீங்களாம்மா, நெஜமாவே?" என்றார் டாக்டர். வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையைக் கேட்பது போல! பற்றிக்கொண்டு வந்தது. ரிப்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 10, புதன்

இந்தச் சனியனைத் தூக்கி மாடியிலிருந்து போட்டால் என்ன?

ஏப்ரல் 13, சனி



என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு, சிரிக்க வைக்கலாம் என்று இவர் சைக்கிளில் ஏறினார். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிற மனுஷர், கதை பேசிக்கொண்டே மிதிக்கிறார். "என்னடி இது, காத்துல கால ஆட்டுற மாதிரி இருக்கு? இதுக்கா இந்த அலுப்பு?"

குனிந்து பார்த்தேன். திருகு கழன்று, உருளை டயரைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. தானாக அவ்வளவு கழலாது. அதன் பக்கத்திலேயே நாள் முழுக்கக் கிடப்பவன் ஒருவன்தான். திரும்பினேன். ரேடியோ டீவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். டீவி அணைந்திருந்தது.

"நீயா?"

ரிமோட்டைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"நீயாடா?"

"தெனமும் கொஞ்சம் கொஞ்சமாத்தான்க்கா தளத்தினேன்."

என்னவெல்லாம் கத்தினேன் என்று நினைவில்லை. அத்தனை நாளும் வீண்டா, உன் நாள்டா அது, பாவி — இப்படித்தான். அவன் குரலே உயரவில்லை. "எனக்கு வேணாம்க்கா. நல்லா இருக்கிற உன்னைப் படுக்க வெச்சு வயித்தைக் கிழிச்சு... ஏதாவது ஒண்ணு ஆயிட்டா மாமா மொகத்துல நான் எப்படி முழிப்பேன்? நேரா சொன்னா நீ கேக்க மாட்டே. கொழுப்பு கரையலன்னு டாக்டரே சொல்லிட்டா முடிஞ்சுதுன்னு நெனச்சேன்."

அவனுடைய மாமா சைக்கிளிலிருந்து இறங்கி சமையலறைக்குள் போய்விட்டார்.

"எனக்கு ஒண்ணும் ஆகாது."

"உனக்கு பயமே இல்லையா?"

"இல்ல" என்றேன்.

ஏப்ரல் 15, திங்கள்

என்னையே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கால் லேசானது எனக்குத் தெரியாதா? கடையில் லென்ஸ் துளி சாய்ந்திருந்தாலும் கண்டுபிடிக்கிறவள், இத்தனை நாள் ஏன் ஒரு தடவை குனிந்து பார்க்கவில்லை? பார்த்தால் மறுபடி கனக்கும் என்றா — இல்ல, ஸ்கேன் நல்லா வந்துட்டா நெஜமாவே போய்ப் படுக்கணுமேன்னா?

பயமா இருக்கு. அவனைத் திட்டின வாயால என்னையும் ரெண்டு திட்டு திட்டிக்கணும். அதுக்காக விட்டுடுவேனா? அந்த சோபாவுல அவன் இல்லாம... எழுதக்கூட முடியல.

காலையில் திருகை நானே இறுக்கினேன். முதல் மிதியிலேயே தொடை கத்தியது.

ஏப்ரல் 24, புதன்

திருகுக்குக் கை எட்டாதபடி சோபாவைச் சன்னல் ஓரம் தள்ளிவிட்டேன். ரேடியோ துரைக்குக் கோபம். யார் யாரிடம் கோபித்துக்கொள்வது என்று ஒரு விவஸ்தை வேண்டாமா!

மே 3, வெள்ளி

காலையில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "நீங்க யாரு?" என்றான். விளையாடுகிறான் என்று நினைத்து முதுகில் ஒன்று வைத்தேன். விளையாடவில்லை. ஈரல் கெட்டால் மூளை மங்குமாம். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து மாலைக்குள் தெளியவைத்தார்கள். "அக்கா" என்றான். வெளியே வந்து அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும் சைக்கிளில் ஏறினேன். இவர் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

மே 17, வெள்ளி

கரைந்துவிட்டது! டாக்டர் ஸ்கேனைப் பார்த்து, "எடுக்கலாம்" என்றார்.

பிறகு உறுப்பு கொடுப்பவர்களை விசாரிக்கிற ஓர் அம்மா என்னைத் தனியாக உட்கார வைத்து, யாராவது கட்டாயப்படுத்துகிறார்களா என்று கேட்டார். "கட்டாயப்படுத்துறதே நான்தாங்க, அவனை" என்றேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. அவனையும் தனியாகக் கூப்பிட்டார்கள். அவன் வெளியே வரும்வரை நகத்தைக் கடித்துத் தீர்த்தேன்.

"என்னடா சொன்னே?"

"சரின்னேன்."

"முழுசா சொல்லு."

"உன்னையே யாருன்னு கேட்டேனாமே. மாமா சொன்னாரு. அப்படிப் போக எனக்கு இஷ்டமில்லக்கா. அதான் சரின்னேன்."

மே 22, புதன்

நாளைக் காலையில் இருவரும் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். இனி மிதிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இருந்தும் விடிந்ததும் விழிப்பு வந்துவிட்டது. ஹாலுக்கு வந்தேன். ரேடியோ எழுந்து உட்கார்ந்திருந்தான்.

"பயமா இருக்குக்கா. உனக்கு மட்டும் எப்படித்தான் இல்லையோ."

"யாருடா இல்லன்னா? எனக்கும்தான் பயம். தள்ளி உக்காரு."

தள்ளி உட்கார்ந்தான்.