பேசி முடித்த கடன்

2024 ஆகஸ்ட் 5, திங்கள்

வாடகை வாங்க வந்த அய்யாத்துரை அண்ணாச்சி இன்று பணத்தை எண்ணாமல் பைக்குள் வைத்தார். எப்போதும் இரண்டு முறை எண்ணுகிறவர். ஏதோ இருக்கிறது என்று அப்போதே பட்டது.

"மகன் வித்துரச் சொல்லுதான் தாயி. வெளிய சொல்லுததுக்கு முன்னாடி ஒங்ககிட்ட ஒரு வார்த்த கேக்கணும்லா" என்றார். பதினாலரை லட்சம். ஆடியில் முன்பணம் வாங்க மாட்டாராம், மார்கழியில் பத்திரம் போட மாட்டாராம். ஆவணியில் ஐம்பதாயிரம் கொடுத்து ஒப்பந்தம், தை முடிவதற்குள் பத்திரம். தை தாண்டினால் ஐம்பதாயிரமும் போகும், வீடும் வேறு ஆளுக்குப் போகும்.

பதினொரு வருடமாக இருக்கும் வீடு. இரண்டு அறை, ஒரு அடுப்படி. அண்ணாச்சியின் ஒரே நிபந்தனை, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. அதனால் காலண்டர் ஜன்னல் கம்பியில் ஆடுகிறது. என் புத்தகங்கள் எல்லாம் அம்மா வேலை பார்க்கும் தீப்பெட்டி ஆபீசிலிருந்து வந்த அட்டைப்பெட்டிகளில் கிடக்கின்றன. வேண்டிய புத்தகம் எப்போதும் அடிப்பெட்டியில்தான் இருக்கும்.

அவர் போன பிறகு அம்மா சுவரைத் தடவிக்கொண்டே நின்றாள்.

ஆகஸ்ட் 6

வாங்க முடியுமா? கையில் மூன்று லட்சத்து எழுபதாயிரம். அம்மாவின் சங்கிலி. மீதிக்கு வங்கி. முடியும் என்றுதான் கணக்கு சொல்கிறது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

கணக்குக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது.

வங்கியில் பிரேமா மேடம் கணினியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "கடன் மார்க்கு, அதான் சிபில், அறுநூத்தி முப்பத்தெட்டு வருதும்மா. எழுநூறாவது இருந்தாத்தான் மேல அனுப்ப முடியும்."

நான் யாரிடமும் பத்து ரூபாய் பாக்கி வைத்தவள் இல்லை. சொன்னேன். அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். 2019-இல் ஒரு குழுக்கடன், நாற்பதாயிரம். அதற்கு எதிரே 'செட்டில்டு'.

"முடிஞ்சிட்டுதானே மேடம்?"

"முடியல. கொறச்சுக் கட்டி முடிச்சா இப்படித்தான் போடுவாங்க. முழுசாக் கட்டினாத்தான் 'குளோஸ்டு'."

மேடம் குறை சொல்கிற குரலில் பேசவில்லை. அதுதான் இன்னும் கூச்சமாக இருந்தது. நான் எக்ஸ்ரே எடுக்கிறவள். நன்றாக நடந்து வருகிறவர்களின் காலில் பத்து வருடத்துக்கு முந்தைய முறிவுக் கோட்டைப் படத்தில் பார்த்திருக்கிறேன். அவர்களே மறந்திருப்பார்கள். இன்று படத்தில் இருந்தது நான்.

ஆகஸ்ட் 10

எப்படி நடந்தது என்று எனக்கே ஒரு முறை எழுதிப் பார்க்கிறேன்.

இங்கே குழுவில் ஒருத்திக்கு ஒரு கடன்தான் கிடைக்கும். அது போதாதவள் இன்னொருத்தியிடம் 'பேர்' கேட்பாள். பேர் கொடுக்கிறவள் ஆதாரையும் கையெழுத்தையும் கொடுப்பாள். பணத்தை வாங்கி அப்படியே கைமாற்றுவாள். வாங்கினவள் வாராவாரம் கட்டுவாள். யாரும் இதைத் தப்பென்று நினைப்பதில்லை. முறுக்கு உரல் இரவல் கொடுக்கிற மாதிரி.

என் பேரைக் கேட்டது சொர்ணத்தாய் அக்கா. அம்மாவோடு பெட்டி அடுக்குகிறவள், அந்தக் குழுவின் தலைவி. பசுவந்தனையில் தம்பி வீட்டில் ஆடு வாங்கி விட்டாள். மூன்று மாதம் ஒழுங்காகக் கட்டினாள். பிறகு ஊரடங்கு வந்தது. எட்டயபுரம் சந்தை நின்றது, தீப்பெட்டி ஆபீசும் நின்றது. ஆடு நின்றது, விலைதான் இல்லை. 2022-இல் மீதி இருபத்தேழாயிரத்து நானூறைப் பன்னிரண்டாயிரத்தில் பேசி முடித்துவிட்டு எங்கள் வீட்டுக்குச் சேவு வாங்கி வந்தாள். நாங்களும் சந்தோஷமாகத் தின்றோம்.

அந்தப் பதினைந்தாயிரத்து நானூறு எங்கும் போகவில்லை. என் பேரில் உட்கார்ந்திருந்திருக்கிறது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போனேன். போயிருக்கக் கூடாதோ?

முதலில் அவளுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. புரிந்ததும் முகம் மாறிவிட்டது.

"ஏட்டி, முடிஞ்ச கடன எதுக்குத் தோண்டுதே? மூணு நாளு அந்தக் கடன் ஆபீஸ் வாசல்ல நின்னு பேசி முடிச்சேன். சந்தையில துண்டுக்குள்ள வெரலப் புடிச்சு வெல முடிச்சிட்டாம்னா, பொறவு அதப் பத்தி ஒருத்தன் வாயத் தொறப்பானா?"

"அவங்க எழுதி வச்சிருக்காங்கக்கா."

"அப்ப அன்னைக்கே சொல்லணும்லா, இது முடிவு இல்லன்னு. சிரிச்சுக்கிட்டுல்லா ரசீது போட்டுக் குடுத்தான்." என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள், "நான் களவாணியாட்டி?"

இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். நான் ஒரு நொடி யோசித்தேன். களவாணியா என்று யோசிக்கவில்லை, எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்தேன். ஆனால் அவள் பார்த்தது அந்த ஒரு நொடியைத்தான்.

ஆகஸ்ட் 13

அம்மாவுக்கு இன்று மதியச் சோறு தனியாக. அக்கா வேறு பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாளாம். "ஒனக்கு வீடு வேணும்னு எனக்கிருந்த ஒரு ஆளையும் ஓட்டிட்டே" என்றாள் அம்மா. கோபம் இல்லை, களைப்பு.

ஆகஸ்ட் 22, வியாழன்

ஆவணி பிறந்து ஆறாம் நாள். ஐம்பதாயிரம் கொடுத்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். புத்திசாலித்தனமா? தெரியவில்லை. கொடுக்காமல் இருந்தால் அடுத்த வாரமே யாராவது பார்க்க வந்துவிடுவார்கள்.

அண்ணாச்சி மேற்குச் சுவரில் இருந்த விரிசலை அவரே காட்டினார். "கரிசல்ல கட்டுனது தாயி. வெயிலுக்கு வாயத் தொறக்கும், மழைக்கு மூடும். சுண்ணாம்படிச்சு மறைக்கலாம். ஒன்கிட்ட எதுக்கு?"

ஆகஸ்ட் 27, செவ்வாய்

கண்ணபிரான் என்று ஒரு கடன் ஏஜென்ட். நான் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டருக்கு வருகிற ஒருவர் எண் கொடுத்தார். எட்டாயிரம் கேட்டார், இரண்டு மாதத்தில் சிபிலைச் சுத்தமாக்கித் தருவாராம்.

"இந்தக் கடன் நான் வாங்கல, கையெழுத்து என்னுது இல்லன்னு ஒரு மனு. அவ்ளோதான் மேடம்."

"அப்ப கையெழுத்துப் போட்டது யாருன்னு கேப்பாங்களே?"

"குழுத் தலைவியக் கேப்பாங்க. அது ஒங்க கவல இல்ல."

நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரவில்லை. அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 28

மனுவை எழுதியும் பார்த்தேன். இந்த நோட்டில்தான். பாதி உண்மைதானே — பணத்தை நான் தொடவில்லை, ஒரு ஆடுகூட எனக்கு வரவில்லை. வாக்கியங்கள் நன்றாகவே வந்தன. படித்தவளுக்கு அது ஒரு சாபம், எதையும் நம்பும்படி எழுத வரும்.

பிறகு அம்மாவின் போனில் பழைய குழுப்படத்தைத் தேடி எடுத்தேன். கடன் கொடுக்கும்போது எல்லோரையும் நிறுத்திப் படம் எடுப்பார்கள். ஏழு பெண்கள் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். சிரிப்பது நான் ஒருத்திதான். இருபத்தொரு வயது. பெரிய உதவி செய்கிற பெருமை முகம் முழுக்க.

அது நான்தான். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். கண்ணபிரானுக்கு வேண்டாம் என்று செய்தி அனுப்பினேன். "யோசிங்க மேடம்" என்று பதில் வந்தது.

செப்டம்பர் 4, புதன்

திருநெல்வேலி. குழுக்கடன் கம்பெனி கோவில்பட்டிக் கிளையை மூடிவிட்டதால் அங்கே போகச் சொன்னார்கள். பதினைந்தாயிரத்து நானூறு கட்டினேன். தள்ளுபடி செய்த பணத்தைத் தானாக வந்து கட்டுகிறவளை கவுண்டரில் இருந்த பையன் முதல் தடவையாகப் பார்க்கிறான் போலும். "எதுக்கு மேடம்?" என்றான். "வீடு வாங்க" என்றேன்.

'நிலுவை இல்லை' என்று கடிதம் கொடுத்தார்கள். சிபில் பதிவில் மாற நாற்பத்தைந்து நாளாகுமாம். பேருந்தில் வரும்போது மூன்று முறை எடுத்துப் படித்தேன்.

செப்டம்பர் 6

பிரேமா மேடம் இன்னொன்றும் சொன்னார். இதுவரை ஒழுங்காகக் கட்டியதற்கு என் பேரில் ஒரு சாட்சியமும் இல்லையாம். கடனே வாங்காமல் இருந்தது ஒழுக்கம் என்று நினைத்திருந்தேன். அவர்களுக்கு அது வெறும் காலி இடம். இருபதாயிரத்தை வைப்பில் போட்டு, அதன் மேல் ஒரு கிரெடிட் கார்டுக்கு எழுதிக் கொடுத்தேன்.

செப்டம்பர் 13, வெள்ளி

காலை ஏழு மணி. கதவைத் தட்டியது சொர்ணத்தாய் அக்கா. வெள்ளி ஏழு மணி பழைய குழுக்கூட்ட நேரம்.

உட்காரவில்லை. மூன்று நூறு ரூபாய்த் தாள்களை அட்டைப்பெட்டி மேல் வைத்தாள். "இந்த வாரத்துக்கு" என்றாள். அம்மா ஆபீசில் சொல்லியிருக்கிறாள், நான் கட்டிவிட்டு வந்ததை.

"அக்கா, நான் கேக்கலயே."

"நீ கேட்டா நான் தருவேன்?"

போய்விட்டாள். ஐம்பத்தொரு வாரம், கடைசியில் ஒரு நூறு. மனதுக்குள் வகுத்துப் பார்த்த பிறகுதான் வகுத்ததற்கு வெட்கப்பட்டேன்.

அக்டோபர் 25, வெள்ளி

ஏழாவது வாரம். இன்றும் உட்காரவில்லை. ஆனால் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

நவம்பர் 8, வெள்ளி

தீபாவளி வாரம் வரவில்லை. இன்று அறுநூறு.

நவம்பர் 11, திங்கள்

சிபில் அறுநூற்று இருபத்தொன்பது. ஏறவில்லை, இறங்கியிருக்கிறது.

காரணம் நான்தான். அம்மாவின் கண் ஆபரேஷனுக்குப் பதினேழாயிரத்தைக் கார்டிலேயே கட்டினேன். மாதம் முடிவதற்குள் முழுதும் திருப்பிக் கட்டியும் விட்டேன். நிறைய வாங்கி நிறையக் கட்டினால் நல்ல பெயர் வரும் என்று நினைத்தேன். மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். "இருவதாயிரம் இருந்தா அஞ்சாயிரத்துக்கு மேல தொடாதீங்க. முழுசாத் தொட்டா, கையில காசில்லாம அலையுதாங்கன்னு நெனைக்கும்."

யார் நினைக்கும்? ஒரு கணக்கு நினைக்குமாம். அதற்கு அம்மாவின் கண் தெரியாது. இப்போது அம்மா ஜன்னலில் ஆடும் காலண்டரில் தேதியை இங்கிருந்தே படிக்கிறாள். அதற்கு அது தேவையில்லை.

பழைய கடனும் இன்னும் 'செட்டில்டு' என்றே இருக்கிறது. நாற்பத்தைந்து நாள் எப்போதோ தாண்டிவிட்டது.

நவம்பர் 12

ஐம்பதாயிரம் போனால் போகட்டும் என்று அம்மா சொல்கிறாள். போகட்டும் என்று சொல்ல எனக்கு வரவில்லை.

நவம்பர் 20

மறுபடியும் திருநெல்வேலி. அந்தப் பையன் இல்லை, வேறு ஒருத்தர். அன்று கட்டிய பணம் ஏறியிருக்கிறது, அதைச் சிபிலுக்கு அனுப்பத்தான் விட்டுப்போயிற்று. கண் முன்னாலேயே அனுப்பச் சொல்லி நாற்காலியில் இருந்தேன். மதியம் வரை இருந்தேன். கத்தவில்லை. பையில் இருந்த நாவலில் அறுபது பக்கம் படித்தேன். அனுப்பினார்கள்.

டிசம்பர் 14, சனி

மூன்று நாளாக அடைமழை. தெரு களிமண்ணாகச் செருப்பைப் பிடித்து இழுக்கிறது. மேற்குச் சுவர் விரிசல் மூடிவிட்டது. அண்ணாச்சி சொன்னபடிதான்.

நேற்று மழையில் நனைந்துகொண்டு அக்கா வந்தாள். பணத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றியிருந்தாள். "இந்த மழையில வரணுமாக்கா?" என்றதற்கு, "மழைன்னா குழுக்காரன் விட்டானா?" என்றாள். நேற்று முதல் தடவையாக உட்கார்ந்தாள். அம்மா காப்பி போட்டாள். இருவரும் ஆபீஸ் கணக்கப்பிள்ளையைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அடுப்படியிலேயே நின்றேன், கலைத்துவிடக் கூடாது என்று.

டிசம்பர் 18

அறுநூற்று எண்பத்தொன்று. பழைய கடனுக்கு எதிரே 'குளோஸ்டு'.

2025 ஜனவரி 9, வியாழன்

எழுநூற்று ஆறு.

பிரேமா மேடம் சிரிக்கவில்லை. "பத்திர நகல், சம்பளச் சீட்டு, வில்லங்கச் சான்று" என்று விரலை மடக்க ஆரம்பித்தார். அதைவிட நல்ல சிரிப்பு இருக்க முடியாது.

வெளியே வந்து யாரிடம் சொல்வது என்று நின்றேன். முதலில் நினைவுக்கு வந்தது அம்மா இல்லை.

ஜனவரி 14

பொங்கல். பானை வாடகை வீட்டில் கடைசியாகப் பொங்குகிறது என்றாள் அம்மா. வாயைக் கழுவு, வங்கியிலிருந்து இன்னும் கடிதம் வரவில்லை என்றேன்.

ஜனவரி 30

பத்து லட்சத்து எழுபதாயிரம் அனுமதி. இருபது வருடம். விரிசலைப் பார்த்து மதிப்பீட்டாளர் கொஞ்சம் குறைத்துவிட்டார். குறைந்ததற்கும் பத்திரச் செலவுக்கும் அம்மாவின் சங்கிலி போகிறது. கழற்றிக் கொடுத்துவிட்டுக் கழுத்தைத் தடவினாள், சுவரைத் தடவிய மாதிரியே.

பிப்ரவரி 6, வியாழன்

பதிவு அலுவலகம். இரண்டு சாட்சி வேண்டும். ஒன்று அண்ணாச்சியின் மைத்துனர். இன்னொன்றுக்கு நேற்று அக்காவிடம் போனேன்.

"என் பேராட்டி கேக்குதே?" என்றாள்.

"ஆமாக்கா. பேரும் ஆதாரும். ஒரு கையெழுத்து."

"பொறவு ஒனக்கு எதுவும் ஆச்சுன்னா என்னையப் புடிப்பாங்களா?"

"இல்லக்கா. நாந்தான் வாங்கினேன்னு நீங்க பாத்ததுக்குத்தான்."

இன்று பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தாள், பாதிச் சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று. ஒவ்வொரு எழுத்தாகப் போட்டாள். கையெழுத்துப் போட அவள் கற்றுக்கொண்டதே குழுவுக்காகத்தான். கடைசி 'ய்' மேல் புள்ளி வைத்துவிட்டு, சரியாக இருக்கிறதா என்று என்னைப் பார்த்தாள்.

பிப்ரவரி 7, வெள்ளி

நேற்று கையெழுத்து ஆன பிறகு, இன்று வர மாட்டாள் என்றுதான் நினைத்தேன். ஏழு மணிக்கு வந்தாள்.

நான் ஸ்டூல் மேல் சுத்தியலோடு நின்றுகொண்டிருந்தேன். ஸ்டூல் ஆடியது. பணத்தை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து பிடித்துக்கொண்டாள். முதல் அடியில் காரை உள்ளங்கையளவு பெயர்ந்து அவள் தலையில் விழுந்தது.

"அண்ணாச்சி சும்மாவா சொன்னாரு ஆணி அடிக்காதன்னு" என்று அம்மா அடுப்படியிலிருந்து சத்தம் போட்டாள்.

"அடிட்டி. ஒன் சொவருதான" என்றாள் அக்கா, கண்ணை மூடிக்கொண்டு.

நாலாவது இடத்தில் ஆணி நின்றது. காலண்டரை மாட்டினேன். காற்றுக்கு ஆடவில்லை. அக்கா தலையைத் தட்டிவிட்டு, இடுப்பிலிருந்து முந்நூறை எடுத்து நீட்டினாள்.

"போதும்க்கா. வேலை முடிஞ்சிட்டுல்லா."

"ஒன் வேல முடிஞ்சிட்டு. எனக்கு இன்னும் இருவத்தொம்பது வாரமும் ஒரு நூறும் கெடக்கு."

வாங்கிக்கொண்டேன். எனக்கு இருநூற்று நாற்பது மாதம் கிடக்கிறது.